ஒன்பதாவது அறைக்கு அப்புறம்

கம்ப்யூட்டர் அறைக்குள் அவள் நுழைந்தபோது பகல் மணி ஒன்று பத்து. விடியுமுன்னே மழையோடு போன கரண்ட் அப்போதுதான் திரும்பி வந்திருந்தது. டியூப்லைட் எரியலாமா வேண்டாமா என்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. ஒரு காலத்தில் இருந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்து, மேலே சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். சூடான தூசி, ஈரச்சுவர், பழைய ரப்பர் எல்லாம் கலந்த ஒரு வாடை. வெளியே உச்சி வெயில் அடித்தாலும் உள்ளே அந்திநேரம்தான். ஆறு கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஓடுவது இரண்டு. அந்த இரண்டில் ஒன்றின் கீபோர்டில் யாரோ ஜூஸ் கொட்டியிருந்தார்கள். ஒரு எழுத்தைத் தட்டினால் மூன்று விழும்.

விடுதியில் எல்லாரும் அவளைப் போர்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மாடிப்படிக்கு அடியில் இருந்த மின்சாரப் போர்டின் சாவி அவளிடம். கம்ப்யூட்டர் அறையின் பொறுப்பும் அவளுடையது. சுவரில் ஒட்டியிருந்த விதிகளை அவள்தான் எழுதினாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது. எழுந்து போகும்போது உங்கள் கணக்கை மூடிவிட்டுப் போக வேண்டும். தலைமுடி இஸ்திரி, கெட்டில், ஹீட்டர் எதையும் செருகக் கூடாது. மெயின் சுவிட்சைக் கட்டிவைக்கக் கூடாது. அந்தத் தாளின் ஓரத்தில் யாரோ அவள் முகத்தை வரைந்து மீசையும் வைத்திருந்தார்கள். விதியை மதித்தவர்கள் யாருமில்லை, மீசை மட்டும் நன்றாக வந்திருந்தது. கரண்ட் போனால் பத்து நிமிஷம் தாங்க வேண்டிய யுபிஎஸ்ஸும், எவளோ அதில் முடி இஸ்திரியைச் செருகியதில் போன மாதமே செத்துவிட்டது.

இன்று நாலு மணிக்குள் அவள் தன் கடைசி வருஷ ப்ராஜெக்டை அனுப்பியாக வேண்டும். கல்லூரியின் படிவம் நாற்பத்திரண்டு பெட்டிகள் கொண்டது. ஒரே உட்காரலில் நிரப்ப வேண்டும்; நடுவில் அணைந்தால் முதலிலிருந்து ஆரம்பம். போனில் அது திறக்கவே திறக்காது. சொந்தமாக லேப்டாப் வாங்கும் வீடும் இல்லை அவளுடையது. கையெழுத்துப் போட வேண்டிய பேராசிரியர் நேற்று சாயங்காலம்தான் கண்ணில் பட்டார். இன்று போகாவிட்டால் ஒரு வருஷம் போச்சு. தங்கை படிப்பு முடியட்டும் என்று தன் கல்யாணத்தையே தள்ளிப்போட்டிருக்கும் அக்காவிடம் எந்த முகத்தோடு பேசுவது?

பதினோராவது பெட்டியில் இருந்தபோது எல்லாம் அணைந்தது.

"நாசமாப் போச்சு!"

தடவிக்கொண்டு வெளியே வந்தாள். நடையில் மழை வெளிச்சம் சாம்பல் நிறத்தில் கிடந்தது. போர்டைத் திறந்தாள். கீழ்த்தளத்துக்கான மெயின் சுவிட்ச் விழுந்திருந்தது. எவளோ எதையோ செருகியிருக்கிறாள்.

சுவிட்சை ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு அறையாகக் கேட்க வேண்டும் என்பது அந்த விடுதியின் பழக்கம். எப்போது வந்தது, எதற்கு வந்தது என்று யாருக்கும் தெரியாது. வார்டன் அதில் மட்டும் கறார்.

"யாரு?" என்று கத்தினாள்.

"ஒண்ணு, நாங்க இல்ல!"

"ரெண்டு, சத்தியமா இல்லக்கா!"

"மூணு, இல்ல. தூங்கவாவது விடுங்க தாயே!"

"நாலு... நான் இல்லப்பா." ஒரு தும்மலோடு வந்தது பதில். நாலாவது அறை போர்டக்காவின் அறை. உள்ளே காய்ச்சலில் சுருண்டு கிடந்த அறைத்தோழிக்குத் 'தும்மல்' என்றே பேர்.

ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. ஒருத்தியும் இல்லையாம்.

"ஒன்பது, நான் இல்ல. எட்டுதான், எனக்கு நல்லாத் தெரியும்!"

"ஏய், பல்லைப் பேத்துருவேன்!"

சிரிப்பு. அது அடங்கியதும், தாழ்ந்த குரலில், ஒரு பதில்.

"நான்தான்."

போர்டக்கா திரும்பிப் பார்த்தாள். மூடிய கதவுகள். எவளுடைய குரல் என்று பிடிபடவில்லை. கேலி செய்கிறாளுகள் போல. நாலு வருஷத்தில் இந்த நடையில் ஒருத்தியும் ஒத்துக்கொண்டு அவள் கேட்டதில்லை.

"யாருடி அது? எந்த ரூம்?"

பல்லைக் கடித்துக்கொண்டு சுவிட்சை ஏற்றினாள்.

முதல் பெட்டி. பெயர், துறை, வருஷம். மறுபடியும் எல்லாம். இந்தத் தடவை விரல்கள் கோபத்திலேயே வேகமாக ஓடின. இருபத்தாறாவது பெட்டி வரை வந்துவிட்டாள்.

அணைந்தது.

அந்தக் கும்மிருட்டில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். எங்கோ பக்கத்தில் தண்ணீர் சொட்டும் சத்தம். மழைதான் சுவருக்குள் இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

இந்தத் தடவை அவள் 'யாரு?' என்று கேட்கவில்லை. நடையில் இறங்கி ஒன்பதாவது அறையின் கதவை உதைக்காத குறையாகத் தட்டினாள்.

"கதவைத் திற. எல்லாத்தையும் வெளிய எடு."

கட்டிலுக்கு அடியில் கெட்டில். துணிப்பையில் சுற்றிய மின்அடுப்பு. ஒரே பிளக்கில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகிய மூன்று எக்ஸ்டென்ஷன் போர்டுகள். நாள் முழுக்கத் தலைசீவுவதால் 'சீப்பு' என்று பேர் வாங்கிய எட்டாவது அறைக்காரியின் தலையணை உறைக்குள் முடி இஸ்திரி.

"அது என்னோடது இல்லக்கா."

"தலகாணி?"

"தலகாணி என்னோடதுதான்."

ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுக்கொண்டே வந்தாள். நாலாவது அறையை மட்டும் தாண்டிப் போனாள். தும்மல் போர்த்திக்கொண்டு தூங்கட்டும். தவிர, தன் அறையில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா?

ஒரு ஹீட்டர் ராடு இருந்தது. பக்கெட் தண்ணீருக்குள் விட்டுச் சூடாக்கும் ராடு. வார்டன் கண்ணில் படாமல் இருக்க, கதவுக்குப் பின்னால் பக்கெட்டை வைத்து மேலே துண்டைப் போட்டு மூடியிருப்பார்கள். இருந்தால் என்ன? காலையில் அதைச் செருகி சுவிட்சைப் போட்டபோதே கரண்ட் இல்லை. பச்சைத்தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு கல்லூரிக்கு ஓடியவள் அவள். இன்று அந்த ராடு ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூடச் சூடாக்கவில்லை. பிறகு அவள் மேல் என்ன குற்றம்?

மற்ற எட்டு அறைக்காரிகளையும் அவரவர் கதவுக்கு முன்னால் நிற்கவைத்தாள்.

"எல்லாரும் இங்கயே நில்லுங்க. எவ உள்ள போறான்னு பார்க்கறேன்."

சுவிட்சை ஏற்றினாள். நடையின் விளக்கு எரிந்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று நிமிஷம்.

டக்.

அவள் கண்ணெதிரிலேயே சுவிட்ச் கீழே இறங்கியது. படீரென்று விழவில்லை. ஒரு விரல் அழுத்தி இறக்குவது போல, நிதானமாக இறங்கியது.

"அக்கா," என்று கிசுகிசுத்தாள் சீப்பு, "நாங்க யாரும் எதையும் தொடல."

"தெரியுது. வாயை மூடு."

"நான்தான்."

இந்தத் தடவை குரல் வந்த திசையில் சந்தேகம் இல்லை. அவள் முதுகுக்குப் பின்னால், கம்ப்யூட்டர் அறைக்குள்ளிருந்து வந்தது.

எட்டு அறைக்காரிகளும் அவளுக்கு முன்னால் நின்றார்கள். ஒருத்தியின் உதடும் அசையவில்லை.

"நான்தான் இறக்கினேன்."

யாரோ ஒருத்தி விசும்பினாள். கம்ப்யூட்டர் அறையின் வாசலில் இருட்டு ஒரு துணியைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு வாடை வந்தது. ஈரமும், சுட்ட இரும்பும், கருகிய முடியும்.

"ஏத்தாதீங்க."

பயப்பட வேண்டிய நேரம் அது. மற்றவர்கள் பயந்தார்கள், ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் ஓடினார்கள். போர்டக்காவுக்குப் பயப்படக்கூட நேரமில்லை. மணி இரண்டு ஐம்பது. அவள் உடம்பு முழுக்க எரிச்சல் ஒன்றுதான் ஏறியிருந்தது.

"நீ யாரா வேணா இருந்துக்கோ. செத்தவளா இரு, சாகாதவளா இரு. எனக்கு ஒரு மணி நேரம் கரண்ட் வேணும். அவ்வளவுதான். அப்புறம் நீயே வச்சுக்கோ!"

போர்டுக்குள் கிடந்த கறுப்பு டேப்பை எடுத்தாள். சுவிட்சை ஏற்றி, கீழே இறங்க முடியாதபடி சுற்றினாள். ஐந்து சுற்று. ஆறு சுற்று. தான் எழுதிய விதி நினைவுக்கு வந்தது. இன்னும் ஒரு சுற்று சுற்றினாள்.

கம்ப்யூட்டர் உயிர்பெற்றது. அவள் தனியாக உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தாள். முதல் பெட்டி. பத்தாவது. இருபதாவது.

டக்.

மாடிப்படிக்கு அடியிலிருந்து வந்தது சத்தம். சுவிட்ச் இறங்கப் பார்க்கிறது. டேப் விடவில்லை.

டக். டக்.

முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.

சுண்ணாம்பு அடித்த சுவரில் உள்ளங்கை அளவுக்கு ஓர் ஈரத்திட்டு தெரிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றே பார்க்கவில்லை.

டக். டக். டக். டக்.

முட்டி பெயரும்படி கதவைத் தட்டுபவர்களின் அவசரம் அதில் இருந்தது.

மூன்று நாற்பத்தொன்றுக்கு நாற்பத்திரண்டாவது பெட்டிக்கு வந்தாள். 'இந்த வேலையில் நீங்கள் கற்றது என்ன?' என்று கேட்டிருந்தது. ஒரு வரியைத் தட்டிவிட்டு 'அனுப்பு' என்பதை அழுத்தினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. எட்டு சதவீதம். பதினொன்று.

போன் அடித்தது. அவள் மத்தியானத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்த வார்டன்.

"என்னம்மா, இத்தனை தடவை கூப்பிட்டிருக்க? நான் டாக்டர்கிட்ட உட்கார்ந்திருக்கேன்."

"மேடம், இங்க யாரோ விளையாடறாங்க. மெயின் விழுந்துக்கிட்டே இருக்கு. ரூம் ரூமாக் கேட்டா, ஒன்பதாவது ரூமுக்கு அப்புறம் ஒரு குரல் நான்தான்னு சொல்லுது."

வார்டன் எழுந்து வெளியே நடக்கும் சத்தம் கேட்டது.

"எங்க இருந்து?"

"கம்ப்யூட்டர் ரூம்ல இருந்து."

"அது முன்னாடி பத்தாம் நம்பர் ரூம்மா." வார்டனின் குரல் இறங்கியிருந்தது. "ஒரு பொண்ணு இருந்தா. பக்கெட்டுல ஹீட்டர் ராடு ஓடிக்கிட்டு இருக்கறது தெரியாம தண்ணியில கையை வச்சுட்டா. ஷாக் அடிச்சு அங்கயே போயிட்டா. அந்த ராடு அவளோடதுகூட இல்ல. எல்லா ரூமுக்கும் பொதுவா சுத்திக்கிட்டு இருந்தது. யாருடி சுவிட்சைப் போட்டு வச்சதுன்னு ரூம் ரூமாக் கேட்டேன். ஒன்பது ரூமும் நாங்க இல்லன்னாங்க. அதுலயிருந்துதான் அப்படிக் கேக்கறது."

இருபத்தெட்டு சதவீதம்.

"பொய்யும் சொல்லியிருக்க மாட்டாங்க, பாவம்," என்றார் வார்டன். "அன்னைக்குக் காலையில கரண்ட் இல்ல. போட்டவளுக்கே போட்ட ஞாபகம் இருந்திருக்காது. மதியம் ஒரு மணிக்குத்தான் கரண்ட் வந்துச்சு."

போர்டக்காவின் கையில் இருந்த போன் கனத்தது.

காலையில் செருகினாள். சுவிட்சைப் போட்டாள். கரண்ட் இல்லை. ஓடிவிட்டாள்.

அணைக்கவில்லை.

மேலே துண்டு.

உள்ளே தும்மல்.

முப்பத்தாறு சதவீதம் என்றது திரை. அந்த எண்ணை அவள் ஒரு மூச்சு நேரம் பார்த்தாள். அந்த ஒரு மூச்சை எண்ணிப் பிற்பாடு எத்தனையோ நாள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

பிறகு ஓடினாள்.

மாடிப்படி பக்கத்தில் இருந்தது. நாலாவது அறை நடையில் தள்ளி. போர்டைத் திறந்து சுவிட்சைப் பிடித்து இழுத்தாள். டேப் விடவில்லை. ஏழு சுற்று. நகத்தால் கீறினாள். ஓரம் அகப்படவில்லை. சுவிட்ச் அவள் விரலுக்கு அடியில் ஓர் உயிர் போலத் துடித்துக்கொண்டிருந்தது. குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். பிசினும் தூசியும் வாய்க்குள் போயின.

கிழிந்தது.

சுவிட்ச் விழுந்தது. நடை இருண்டது. பின்னால் கம்ப்யூட்டர் ஒரு பெருமூச்சோடு அணையும் சத்தம் கேட்டது.

நாலாவது அறையின் கதவைத் தள்ளினாள். முகத்தில் ஆவி அடித்தது. தும்மல் பக்கெட்டுக்கு முன்னால் குந்தியிருந்தாள். துண்டு தரையில் கிடந்தது. தண்ணீர் இன்னும் கொதித்துக் குமிழியிட்டுக்கொண்டிருக்க, அவள் வலது கையின் விரல்நுனிகள் அதற்கு ஒரு விரற்கடை மேலே நின்றிருந்தன.

"எனக்காகவா சுடவச்ச?" என்றாள் தும்மல், காய்ச்சல் கண்களோடு. "ரொம்ப சுடுதான்னு தொட்டுப் பார்க்கலாம்னு... ஆனா நீ ஏன்டி கையைப் பிடிச்சுக்கிட்ட? வலிக்குது, விடு."

போர்டக்கா இன்னும் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

தும்மலின் மணிக்கட்டைச் சுற்றிலும் ஈரமாக ஐந்து விரல்களின் தடம். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல மெல்லக் காய்ந்தது.

ஆறு மணிக்கு வார்டன் வந்து சேரும்வரை யாரும் சுவிட்சை ஏற்றவில்லை. எல்லாரையும் நடையில் நிறுத்தி, வார்டன் முதலிலிருந்து கேட்டார். ஒண்ணு, நாங்க இல்ல. ரெண்டு, இல்ல. மூணு, இல்ல.

"நாலு," என்றாள் போர்டக்கா. "நான்தான்."

அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சீப்பு மெதுவாகச் சொன்னாள்: "என் இஸ்திரியைப் புடுங்கினப்போ என்ன பேச்சு பேசினீங்க!" யாரும் சிரிக்கவில்லை. ஒன்பதாவது அறை வரைக்கும் பதில் வந்தது. அதற்கு அப்புறம் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. வார்டன் ராடின் ஒயரை எல்லார் முன்னாலும் இரண்டு துண்டாக வெட்டினார்.

மறுநாள் காலை, அழுது வீங்கிய கண்ணோடு அவள் துறை அலுவலகத்துக்குப் போனாள். என்ன சொல்லிக் கெஞ்சுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள். கண்ணாடியை மூக்குநுனியில் வைத்திருந்த கிளார்க் அவளைப் பேசவே விடவில்லை.

"உன்னோடதுதான் வந்துடுச்சேம்மா. நேத்து மூணு ஐம்பத்தொன்பது. ஒரு நிமிஷம் இருக்கும்போது."

"அப்போ ஹாஸ்டல்ல கரண்ட்டே இல்லியே சார்."

"இருக்கோ இல்லியோ, வந்துடுச்சு. நாற்பத்தொரு பெட்டியும் ஒழுங்கா இருக்கு. கடைசிப் பெட்டியில மட்டும் என்ன விளையாட்டு இது?" அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

இந்த வேலையில் நீங்கள் கற்றது என்ன? அதற்குக் கீழே பெட்டி கொள்ளாமல், வரிவரியாக, ஒரே வாக்கியம் ஓடியது.

கையை வைக்காதே. கையை வைக்காதே. கையை வைக்காதே.

"அந்தப் பக்கத்தை எடுத்துட்டேன், போ. வருஷம் தப்பிச்சுது உனக்கு," என்றார் கிளார்க். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அக்காவைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்ற நினைப்பு மட்டும் எழுந்தது.

"ஆனா உங்க ஹாஸ்டல் பொண்ணுங்ககிட்ட சொல்லி வை. அதே கம்ப்யூட்டர்ல இருந்து இன்னைக்கும் வந்துக்கிட்டே இருக்கு. காலையில இருந்து நாலு படிவம். பேர் இல்ல, துறை இல்ல. ரூம் நம்பர் மட்டும் போட்டு, கீழ இதே வரி."

"எந்த ரூம் சார்?"

"ஆறு."

போனை எடுத்து ஆறாவது அறைக்காரியின் எண்ணை அழுத்தினாள். இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். மணி அடித்தது. நேற்றைய தேடலில் ஆறாவது அறையில் ஒன்றுமே கிடைக்கவில்லை. அவசரத்தில் அலமாரியின் மேல்தட்டை அவள் பார்க்கவில்லை.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"இதோ, இன்னொண்ணு வருது பாரு," என்றார் கிளார்க். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்தார். "இதுலயும் ஆறுதான். ஆனா கீழ ஒண்ணும் எழுதலியே. காலியா அனுப்பியிருக்காங்க."

போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை.